தேயிலை மலைச் சைக்கிளுக்கு எத்தனை நீளக் கிராங்க்?

எங்கள் கடைக்கு மலைச் சைக்கிள் எது வந்தாலும் நான் முதலில் பிரேக்கையும் கியரையும் பார்க்க மாட்டேன். பெடலைத் திருப்பி அதன் வெளி ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பேன். பெயின்ட் போய், அலுமினியம் வெளுத்து, ஓரம் அரம் தேய்த்த மாதிரி கூராகிக் கிடந்தால் அந்தச் சைக்கிள் எந்தப் பாதையில் ஓடுகிறது என்று எனக்கு விளங்கிவிடும். மழைத் தண்ணீர் ஓடும் கான் ஓரத்துக் கல், படிக்கட்டு விளிம்பு, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு ஏறும் குறுக்குப் பாதை. இதில் ஏதோ ஒன்றில் பெடல் நாளாந்தம் இடிபடுகிறது. அடுத்து பெடலைத் தாங்கும் தண்டான கிராங்கைத் திருப்பி அதன் உட்பக்கம் பார்ப்பேன். பெடல் திருகும் துளைக்குக் கொஞ்சம் மேலே சின்னதாக ஓர் எண் குத்தியிருக்கும். பத்துக்கு ஒன்பது சைக்கிளில் அது 175 அல்லது 170.

அதுதான் கிராங்கின் நீளம், மில்லிமீட்டரில். நடு அச்சின் மையத்திலிருந்து பெடல் அச்சின் மையம் வரைக்குமான தூரம். எண் தேய்ந்து போயிருந்தால் டேப் வைத்து அளந்துகொள்ளலாம்.

மலைச் சைக்கிளுக்கு 175 என்பது பல வருஷப் பழக்கம். பின் சக்கரத்தில் பெரிய பல்லு இல்லாத காலத்தில் ஏற்றத்தை மிதித்து ஏற நீளமான நெம்புகோல் தேவைப்பட்டது. இன்றைக்குப் பின்னால் 52 பல்லுச் சக்கரம் வரைக்கும் கிடைக்கிறது. தேவை போய்விட்டது, பழக்கம் மட்டும் நின்றுவிட்டது. புது மொடல்களில் சில கம்பனிகள் 165-க்கு இறங்கியிருக்கின்றன. ஆனால் நம்ம ஊரில் ஓடுவது பெரும்பாலும் ஜப்பானிலிருந்து கொள்கலனில் வந்த பழைய சைக்கிள். 2022-இல் பெட்ரோலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்றபோது அந்தச் சைக்கிள்களைத் தேடித் தேடி வாங்கினோம். பிரேம் சின்னதா பெரிதா என்று பார்த்தார்கள், டயரை அமுக்கிப் பார்த்தார்கள். கிராங்கின் எண்ணை யாரும் பார்க்கவில்லை. நானும் அந்த நேரத்தில் கேட்டு வந்தவர்களுக்கு அதைச் சொல்லத் தவறினேன் என்பது எனக்கு இன்னும் உறுத்தல்தான்.

அந்த எண்ணை நான் பார்க்கத் தொடங்கியது ஒரு விழுகைக்குப் பிறகு. தம்பேதன்ன தேயிலை ஸ்டோரைத் தாண்டி லிப்டன் சீட் என்ற மலைக் காட்சி முனைக்கு ஏறும் ஏழு கிலோமீட்டர் பாதை உங்களில் பலருக்குத் தெரியும். ஏறும்போது தார் ரோட்டில் ஏறினேன். இறங்கும்போது தோட்டத்து டிவிசன் ஒன்றுக்குள் திரும்பி, கவ்வாத்து வெட்டிய மலை ஒன்றின் ஊடாகப் போகும் நடைபாதையில் விட்டேன். முதல் நாள் மழை பெய்திருந்தது. பாதையின் குறுக்கே ஒரு கான். அதன் மேல் விளிம்பில் கருங்கல் வரிசையாகப் பதித்திருந்தார்கள். முன் சக்கரம் சுகமாகத் தாண்டியது. பின் சக்கரம் கானுக்குள் இறங்கிய அதே நேரம் வலது பெடல் கீழே இருந்தது. கல்லின் தலையில் 'டங்' என்று ஒரு சத்தம். சைக்கிள் அந்த ஒரு புள்ளியில் ஊன்றி நின்றுவிட்டது, நான் மட்டும் போய்க்கொண்டிருந்தேன். இடது காறை எலும்பு உடைந்து ஆறு கிழமை கையைத் தொட்டிலில் போட்டிருந்தேன்.

கவனக் குறைவு என்றுதான் முதலில் நினைத்தேன். கை சரியாகி வந்த பிறகு அந்தச் சைக்கிளைச் சுவரோடு நிறுத்தி அளந்து பார்த்தேன். நடு அச்சு தரையிலிருந்து 340 மி.மீ. முன்னும் பின்னும் 140 மி.மீ. சஸ்பென்ஷன். ஏறி உட்கார்ந்தாலே அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக, 40 மி.மீ. அளவு அமுங்கிவிடும். மீதி 300. அதில் 175 கிராங்குக்குப் போய்விட்டது. பெடலின் பாதித் தடிப்பு 10. ஆக, தரைக்கும் பெடலுக்கும் நடுவில் 115 மி.மீ. அதுவும் சும்மா உட்கார்ந்திருக்கும்போது. கானுக்குள் இறங்கி சஸ்பென்ஷன் பாதி அமுங்கினால் 85-தான் மிச்சம். ஒரு உள்ளங்கை அகலம். எங்கள் கான் கல்லுகள் அந்த உயரத்துக்குத் தாராளமாக இருக்கின்றன.

நீங்களும் இதை வீட்டிலேயே செய்யலாம். சமதரையில் ஒருவரைச் சைக்கிளைப் பிடிக்கச் சொல்லி, வழக்கமாக ஓடும் உடுப்போடும் பையோடும் ஏறி உட்காருங்கள். பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, அதன் அடிப்பக்கத்திலிருந்து தரை வரை இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். 120-க்குக் கீழே வந்தால், கல்லுப் பாதையில் ஓடுகிற உங்களுக்குக் கிராங்க் நீளம் ஒரு பிரச்சினை என்று எடுத்துக்கொள்ளலாம். தார் ரோட்டிலும் பங்களா ரோட்டிலும் மட்டும் ஓடுகிறவர்கள் இந்த அளவைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

175-ஐ 165 ஆக்கினால் கிடைப்பது 10 மி.மீ., ஒரு சுண்டுவிரல் அகலம். சின்னதாகத் தெரியும். ஆனால் பெடல் இடிப்பது பெரும்பாலும் அந்தச் சுண்டுவிரல் அளவில்தான். தேய்ந்த பெடல்களைப் பாருங்கள், கீறல்கள் ஓரத்தில்தான் இருக்கும், ஆழமாக நடுவில் இருக்காது. உரசிக்கொண்டு போனவை அவை. செங்குத்தாக இறங்கும் பாதையில் போட்டியிடும் டவுன்ஹில் ஓட்டக்காரர்கள் 165-ஐப் பல வருஷமாகப் பாவிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது முழங்கால். நம்ம ஆட்களுக்குக் கல்லை விட இதுதான் பெரிய காரியம் என்பது என் அபிப்பிராயம்.

சென்ற வருஷம் ஒரு முன்பள்ளி ஆசிரியை கடைக்கு வந்தார். ஒரு டிவிசனில் வீடு, அடுத்த டிவிசனில் பள்ளி, நடுவில் ஏற்றமும் இறக்கமுமாக ஆறு கிலோமீட்டர். "அண்ணே, கியர் சரியில்ல போல. குறுக்கு ஏறும்போது முழங்கால் நெஞ்சுல வந்து இடிக்கிற மாதிரி இருக்கு. ராத்திரி படுத்தா முன்பக்கம் வலிக்குது" என்றார். கியரில் ஒன்றுமில்லை. உயரம் 151 செ.மீ., சைக்கிளில் 170 கிராங்க். "தங்கச்சி, ஒருக்கா சுவரோட நில்லுங்க" என்று சொல்லி, கடையில் கணக்கு எழுதும் சீ.ஆர். கொப்பியைக் கையில் கொடுத்தேன்.

கால் அளவு எடுக்கும் முறை இதுதான், நீங்களும் செய்து பாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் முதுகு படும்படி நேராக நில்லுங்கள். பாதங்களுக்கு நடுவில் ஒரு சாண் இடைவெளி. தடித்த அட்டைக் கொப்பி ஒன்றைக் கால்களுக்கு நடுவில் வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எப்படி அழுத்துமோ அப்படி மேலே இழுத்துப் பிடியுங்கள். கொப்பியின் முதுகு சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும், சரிந்தால் அளவு பிழைத்துவிடும். கொப்பியின் மேல் விளிம்பு படும் இடத்தில் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, தரையிலிருந்து அளக்க வேண்டும். மூன்று தடவை எடுங்கள். மூன்றும் ஒரு சென்றிமீட்டருக்குள் ஒத்துவராவிட்டால் திரும்பவும் எடுங்கள். தங்கச்சிக்கு 68 செ.மீ. வந்தது.

சைக்கிள்காரர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. அந்தக் கால் அளவை மில்லிமீட்டரில் எழுதி 0.216-ஆல் பெருக்க வேண்டும். 680-க்கு 147 வருகிறது. அவர் மிதித்துக்கொண்டிருந்ததோ 170. ஒவ்வொரு சுற்றிலும் முழங்கால் தேவைக்கு மேல் மடங்கி, மடங்கிய நிலையிலேயே பாரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தது. ஏற்றத்தில்தான் அதிகம் தள்ளுகிறோம், எங்கள் ஊரில் ஏற்றம்தான் அதிகம்.

இந்தக் கணக்கை நான் அப்படியே வேதவாக்காக எடுப்பதில்லை. நீளக் கால் உள்ளவர் கல்லுப் பாதையில் ஓடினால் அது சொல்வதை விட ஒரு படி இறங்குவேன்; கட்டைக் கால் உள்ளவருக்கு அதற்குக் கிட்டவே நிற்பேன். என் கையில் வந்துபோன சைக்கிள்களை வைத்து நான் சொல்வது இது: கால் அளவு 70 செ.மீ.க்குக் குறைவென்றால் 150-க்கும் 155-க்கும் நடுவில் எது கிடைத்தாலும் போடுங்கள். 70-லிருந்து 75 வரை 155 அல்லது 160. 75-லிருந்து 82 வரை 165, எங்கள் பக்கத்து ஆண்களில் நிறையப் பேர் இதில்தான் வருவார்கள். 82-லிருந்து 88 வரை 170. அதற்கு மேல் நெடிய ஆளாக இருந்து, முழங்காலும் நோகாமல், பெடலும் இடிக்காமல் இருந்தால் 175-ஐயே வைத்துக்கொள்ளுங்கள், மாற்றக் காசு செலவழிக்காதீர்கள். இரண்டு அளவுக்கு நடுவில் தடுமாறினால் முழங்கால் வலி உள்ளவர் சின்னதை எடுக்கட்டும்.

கட்டையான கிராங்க் போட்டால் பலம் குறைந்துவிடும் என்று பயப்படாதவர் யாரும் கடைக்கு வந்ததில்லை. நியாயமான பயம். நெம்புகோல் கட்டையானால் கூடத் தள்ளத்தான் வேண்டும். 175-லிருந்து 165-க்கு வந்தால் அதே கியரில் காலுக்கு ஆறு சதவீதம் பாரம் கூடும். ஆனால் அந்த ஆறு சதவீதத்தை முன் பல்லுச் சக்கரத்தில் திருப்பி எடுத்துவிடலாம். 32 பல்லு இருந்த இடத்தில் 30 போடுங்கள். பாரம் பழைய அளவுக்கே வந்துவிடும். கால் சுற்றும் வட்டமும் சின்னதாகிறது: 175-இல் ஒரு சுற்றுக்குப் பாதம் கிட்டத்தட்ட 1,100 மி.மீ. பயணிக்கிறது, 165-இல் 1,037. அதனால் நிமிடத்துக்கு 80 சுற்று சுற்றியவர் அதே கால் வேகத்தில் 85 சுற்றுவார். வேகம் எங்கும் போகவில்லை.

உடம்பும் இதற்கு ஒத்துப்போகிறது. 2001-இல் மார்ட்டின், ஸ்பிர்டுசோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 120 முதல் 220 மி.மீ. வரை ஐந்து விதமான கிராங்குகளில் ஓட்டக்காரர்களை முழுப் பலத்தோடு மிதிக்க வைத்துப் பார்த்தார்கள். அவ்வளவு பெரிய வித்தியாசத்துக்கும், அதிகபட்சப் பலம் மாறியது நான்கு சதவீத அளவில்தான். 2010-இல் மலைச் சைக்கிள் போட்டிப் பெண்களை வைத்து 170, 172.5, 175 மூன்றையும் ஒப்பிட்ட ஆய்வில், உச்சப் பலம் மாறவில்லை. ஆனால் 170-இல் அந்த உச்சத்தைச் சீக்கிரம் எட்டினார்கள். குறுக்கில் திடீரென்று ஒரு மேட்டைத் தாண்ட வேண்டியவருக்கு அந்தச் சீக்கிரம்தான் தேவை. ரோட் சைக்கிளில் தடேஜ் பொகாச்சர் 2024-இல் 165-க்கு இறங்கினார், அந்த வருஷமே டூர் டி பிரான்ஸை வென்றார். அவர் 176 செ.மீ. உயரம். அவருக்கு 165 போதுமென்றால், 160 செ.மீ. உயரமுள்ள நாம் 175-ஐ ஏன் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறோம்?

கிராங்கை மட்டும் மாற்றிவிட்டு சீட்டைத் தொடாமல் விடுவது பெரிய பிழை. "மாத்தினேன் அண்ணே, ஒண்ணும் சரிவரல" என்று திரும்பி வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் செய்திருப்பார்கள். கிராங்க் 10 மி.மீ. குறைந்தால் அடிமட்டத்தில் பெடல் 10 மி.மீ. மேலே வந்துவிடுகிறது, கால் முழுசாக நீளாது. அதனால் சீட்டையும் 10 மி.மீ. உயர்த்த வேண்டும். பலன் கிடைப்பது மேலே வரும்போதுதான். பெடல் 10 தாழ்ந்து, சீட் 10 உயர்ந்து, முழங்காலுக்கு 20 மி.மீ. இடம் கிடைக்கிறது. மாற்றுவதற்கு முன்பே சீட் கம்பியில் ஒரு டேப் துண்டு ஒட்டி அடையாளம் வைத்துவிடுங்கள். உயர்த்தும்போது கம்பியில் குத்தியிருக்கும் எல்லைக் கோடு பிரேமுக்கு வெளியே வரவே கூடாது. வந்தால் நீளமான கம்பி வாங்குங்கள், அப்படியே ஓட வேண்டாம்.

சீட்டைப் பின்னால் தள்ளவும் சிலர் சொல்வார்கள், பெடல் முன்னால் நிற்கும்போது பாதம் 10 மி.மீ. பின்னுக்கு வந்துவிடுகிறதே என்று. சமதரையில் அது சரி. எங்கள் ஏற்றத்தில் பின்னால் தள்ளினால் முன் சக்கரம் தரையை விட்டு எழும்பும். கம்பி சரிவாக இருப்பதால் உயர்த்தும்போதே இரண்டு மூன்று மில்லிமீட்டர் தானாகப் பின்னால் போகிறது, எனக்கு அது போதும். ஹேண்டிலின் கழுத்துக்கு மேலே வளையங்கள் மிச்சம் இருந்தால் ஒன்றை எடுத்துக் கீழே போட்டு ஹேண்டிலையும் அதே அளவு உயர்த்துங்கள். சீட் மட்டும் உயர்ந்தால் உள்ளங்கையில் பாரம் ஏறும்.

இனி வாங்குவதும் மாட்டுவதும். உங்கள் கிராங்க் எந்த வகை என்று முதலில் பாருங்கள். நடுவில் ஒரு போல்ட், அதைக் கழற்றினால் சதுர அச்சு தெரிகிறதென்றால் அது பழைய சதுர வகை. இடது கிராங்கில் இரண்டு அலன் போல்ட் இறுக்கிப் பிடித்திருந்தால் ஷிமானோவின் ஹொலோடெக் 2 மாதிரி 24 மி.மீ. அச்சு வகை. தாத்தா காலத்துச் சைக்கிள்களில் வரும், குறுக்கு ஆணியால் இறுக்கிய கொட்டர் பின் வகையை இந்த வேலைக்குத் தொடாமல் விடுவதே நல்லது.

சதுர வகைக்கு 22 மி.மீ. திருகு உள்ள இழுப்பான் கட்டாயம் வேண்டும். சுத்தியலால் தட்டிக் கழற்றுகிற மெக்கானிக் பாஸ்மாரை நான் பார்த்திருக்கிறேன், அச்சின் பேரிங் அதோடு போய்விடும். இழுப்பானை மாட்டும் முன் கிராங்கின் திருகுக்குள் இருக்கும் மண்ணைப் பழைய பல்துலக்கியால் துப்புரவாக எடுங்கள். முழு ஆழத்துக்கும் கையாலேயே திருகி இறக்கிய பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். அரைகுறையாக நின்றால் திருகு பிய்ந்து, கிராங்கை வெட்டித்தான் எடுக்க வேண்டி வரும்.

பெடலில் இடது பக்கத் திருகு எதிர்ப்பக்கம் சுழலும். ஞாபகத்துக்கு ஒரு வழி: ஸ்பேனரை மேலே நிறுத்தி முன் சக்கரத்தை நோக்கித் தள்ளினால் இரண்டு பக்கமும் இறுகும், பின் சக்கரத்தை நோக்கி இழுத்தால் இரண்டும் கழலும். திருகுக்குக் கிறீஸ் போடாமல் மாட்டாதீர்கள். எங்கள் ஈரத்தில் ஒரு மழைக் காலம் போதும், உள்ளே பிடித்துக்கொள்ளும்.

155, 152 அளவில் கிராங்க் தேடிக் கிடைக்காதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. சிறுவர்களின் 24 அங்குலச் சைக்கிள்களில் 152 கிராங்க் வருவது வழக்கம். பழைய சாமான் கடைகளில் அவை கிடக்கும். தங்கச்சிக்கு நான் போட்டது அதுதான். பல்லு 24, 34, 42. அவருடைய பழைய கிராங்கில் சின்னப் பல்லு 28 இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், கிராங்க் கட்டையாகியும் ஏற்றத்தில் காலுக்குப் பாரம் முன்னதை விடக் கொஞ்சம் குறைவாகவே வந்தது. அப்படி மாற்றும்போது இரண்டு இடத்தைப் பாருங்கள்: கிராங்கைச் சுற்றும்போது அதற்கும் பின் பக்கக் குழாய்க்கும் நடுவில் ஐந்து மில்லிமீட்டராவது இருக்க வேண்டும், நடுப் பல்லு பின் பல்லுக் கூட்டத்தின் நடுவுக்கு நேராக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வேறு நீள அச்சு தேவை. முன்னால் பெரிய சக்கரத்தில் பல்லு நான்கு குறைந்தால் செயினில் ஒரு ஜோடிக் கண்ணியும் குறைக்கலாம்.

இறுக்கும் அளவு: சதுர வகையின் நடு போல்ட் 35-லிருந்து 45 நியூட்டன் மீட்டர். 24 மி.மீ. வகையில் முதலில் பிளாஸ்டிக் மூடியை ஆட்டம் போகிற அளவுக்கு மட்டும் மெதுவாகத் திருகி, பிறகு இரண்டு அலன் போல்ட்டையும் மாறி மாறி 12-லிருந்து 14 வரை. இறுக்கும் அளவு காட்டும் ஸ்பேனர் கையில் இல்லாதவர்கள் இந்தக் கடைசி வேலையை மட்டும் கடையில் செய்துகொள்ளுங்கள். சதுர வகையில் போல்ட் தளர்ந்து ஓடினால், ஒரே நாளில் கிராங்கின் சதுரத் துளை வட்டமாகிவிடும். பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.

மாற்றிய முதல் நாளே தீர்ப்புச் சொல்லாதீர்கள். கால் சின்ன வட்டத்துக்குப் பழக ஒரு கிழமை எடுக்கும். முதல் இரண்டு நாள் வெற்று மிதி மிதிப்பது போலத் தெரியும், கை தானாகக் கனமான கியருக்குப் போகும். போக விடாதீர்கள். ஒரு பல்லு இலேசாகவே வைத்துக் கொஞ்சம் வேகமாகச் சுற்றுங்கள். ஈர மண்ணில் இதன் அருமை தெரியும், மெதுவாக ஓங்கி மிதிக்கும்போது வழுக்குகிற பின் சக்கரம் இப்போது பிடித்து ஏறும்.

தங்கச்சிக்குச் சீட்டை 18 மி.மீ. உயர்த்தி அனுப்பினேன். வலி நிற்காவிட்டால் ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னேன், முப்பது கிலோமீட்டர் ஓடியதும் சைக்கிளைக் கட்டாயம் கொண்டுவரவும் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை வந்தார். குறுக்கில் இறங்கித் தள்ளாமல் ஏறியதாகச் சொன்னார், முழங்காலைப் பற்றி நான் கேட்ட பிறகுதான் யோசித்து, இரண்டு ராத்திரியாக அதன் ஞாபகமே வரவில்லை என்றார். வலது போல்ட்டில் ஸ்பேனரை வைத்தேன், அசையவில்லை. இடது போல்ட் கால் சுற்று ஏறியது. இன்னொரு முப்பது கிலோமீட்டர் கழித்து மறுபடியும் கொண்டுவரச் சொல்லி அனுப்பினேன்.